பனிக்கோட்டையின் பென்சில் வாசகர்

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மாசி மாதத்து ஒரு சாயங்காலம், செங்கம் ரோட்டில் இருந்த காசியின் வாடகை நூலகத்துக்குள் அன்புச்செல்வி நுழைந்தாள். கையில் 'பனிக்கோட்டை' எட்டாம் பாகம். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன மேடம், கடைசி பாகம் அவ்ளோ சோகமா?" என்றான் காசி.

"கதை நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இதுல பென்சில் எழுத்தே இல்ல. அவருக்கு என்ன ஆச்சு?"

"எவருக்கு?"

"எனக்கு முன்னாடி புக்க எடுத்துட்டுப் போறவருக்கு. ஓரத்துல எழுதி வெப்பாரே! அவரு யாருனு எனக்குத் தெரியணும்."

காசி வாயைப் பிளந்தான். "அடக் கடவுளே! நீங்க எழுதறீங்கன்னு இல்ல நான் நெனச்சுட்டிருந்தேன்! ரப்பர் போட்டு அழிச்சு அழிச்சு என் கையே தேஞ்சு போச்சு. நல்ல கஸ்டமராச்சேனு வாயத் தொறக்காம இருந்தேன்!"

மூலையில் விரிந்திருந்த செய்தித்தாள் மெல்லத் தாழ்ந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் ஓய்வுபெற்ற ஏட்டு அப்பாசாமி. கதைப் புத்தகம் என்றாலே அவருக்கு ஆகாது. ஓசிப் பேப்பருக்காக வருவதாகச் சொல்லிக்கொள்வார். ஊரில் நகை தொலைந்தாலும் ஆடு தொலைந்தாலும் போலீசுக்குப் போவதற்கு முன் அவரிடம்தான் வருவார்கள்.

"உக்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு" என்றார்.

அன்புச்செல்வி சொன்னாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. கணவன் செழியன் மஸ்கட்டில். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவன் வீட்டில் தங்கியதைவிட விமான நிலையத்தில் நின்றதுதான் ஜாஸ்தி. வீட்டில் அவளும் மாமியார் பாஞ்சாலையும் மட்டும். சண்டை சச்சரவு கிடையாது. பேச்சும் கிடையாது. "சாப்ட்டியா", "கேஸ் தீந்துடுச்சு", அவ்வளவுதான். அந்த வீட்டில் அவளிடம் மனசுவிட்டுப் பேசியது புத்தக ஓரத்தில் இருந்த பென்சில் மட்டும்தான்.

"என்னதான் எழுதுவாரு?"

அவள் முகம் மலர்ந்தது. "பனிக்கோட்டையில ராணி படையோட பனிமலை ஏறுவா இல்லீங்களா? அங்க, 'அத்தியாயம் அத்தியாயமா நடக்கறாங்க, ஒருத்தர் வாயில ஒரு பிடி சோறு போகல. இத்தனை பேருக்கு யார் உலை வெச்சது?'னு எழுதியிருந்தாரு. சிரிச்சு சிரிச்சு எனக்குப் புரை ஏறிடுச்சு. இப்ப வர்ற புது நாவல் ஒண்ணு, ஒரே குடும்பத்துக் கதை. அதுல கடைசிப் பக்கத்துல, 'மழையைப் பத்தி அழகா எழுதியிருக்கான். ஆனா இந்த வீட்டுல ஒருத்தர்கூட இன்னொருத்தரக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசலியே'னு இருந்துச்சு. அன்னிக்குத் தூக்கமே வரலீங்க."

சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு விசா வந்துடுச்சு. அடுத்த மாசம் போறேன். போறதுக்குள்ள அவரை ஒரு தடவை பாத்துப் பேசிடணும். உயிரோட இருக்காரானே தெரியலியே."

காசிக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. "மேடம், உங்க மாடியில குடியிருக்காரே மூர்த்தி வாத்தியார், கண்ணாடி போட்டுக்கிட்டு! அவர்தான். சந்தேகமே இல்ல!"

அன்புச்செல்வியின் காது சிவந்தது. அவளும் அதே கண்ணாடியைத்தான் மனசுக்குள் மாட்டி வைத்திருந்தாள்.

அப்பாசாமி அசையவில்லை. "மத்தவங்க எடுக்கற புஸ்தகத்துல எழுத்து உண்டா, காசி?"

"கிடையாது. மேடம் வீட்டுக்குப் போய்ட்டு வர்றதுல மட்டும்தான்."

"ஏழாம் பாகத்த இந்தம்மாவுக்கு முன்னாடி யாரு எடுத்தா?"

"யாருமில்ல. மெட்ராஸ்லேர்ந்து பார்சல் வந்துது, அட்டை போட்டேன், மத்தியானமே டிவிஎஸ்ல போய் அவங்க வீட்டுல குடுத்தேன். எப்பவும் அப்படித்தான்."

"பௌர்ணமியன்னிக்கு?"

"கிரிவலக் கூட்டத்துல வண்டி எங்க போவும்? அன்னிக்கு மட்டும் மேடமே ஆபீஸ் விட்டு வரப்ப வாங்கிட்டுப் போவாங்க."

"அந்தப் புஸ்தகத்துலயும் எழுத்து இருந்துச்சாம்மா?"

அன்புச்செல்வி யோசித்தாள். "தைப் பௌர்ணமிக்கு ஆறாம் பாகம் வாங்கிட்டுப் போனேன். அன்னிக்கே பாதி படிச்சுட்டேன். அதுல ஒண்ணுமே இல்ல. மறுநாள் ஆபீஸ் போய்ட்டு வந்து மீதியப் படிச்சேன். அதுல நெறைய இருந்துச்சு."

அப்பாசாமி இன்னும் அழிக்கப்படாமல் கிடந்த ஏழாம் பாகத்தைப் புரட்டினார். கடைசியில் இளவரசி கப்பலேறும் இடத்தில் ஓரமாக ஒரே வரி: 'நல்லபடியா போய்ட்டு வா.' எழுத்து பட்டையாக இருந்தது. ஷார்ப்பனரில் சீவிய முனை அப்படி எழுதாது.

"விசா சேதி எப்பம்மா வந்துச்சு?"

"ஏழாம் பாகம் வீட்டுல இருந்தப்பதான். எங்க வீட்டுக்காரர் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டாரு."

அப்பாசாமி எழுந்து செருப்பை மாட்டினார். "எட்டாம் பாகத்தையும் எடுத்துக்க. வீட்டுக்குப் போவலாம்." கடையைச் சாத்திவிட்டுக் காசியும் கூடவே கிளம்பினான்.

வீட்டில் பாஞ்சாலை மூவருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு, உலை வைத்திருக்கிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பாசாமியின் பார்வை சுவரில் தொங்கிய காலண்டரில் நின்றது. பால் வாங்கிய நாட்களுக்கெல்லாம் பட்டையாக ஒரு கோடு. பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில். அரிவாள்மனையில் சீவிய தாறுமாறான முனை.

"மூர்த்தி சாரை மேல போய்க் கூப்பிடட்டுமா?" காசிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அவரு குடி வந்ததே கார்த்திகை தீபத்துக்கு அப்புறம்னு வர்ற வழியில இந்தம்மாதான் சொல்லுச்சு. எழுத்து அதுக்கு முந்தியே இருக்கு. அவர விடு. நீயுமில்ல; பென்சில் புடிக்கறவன் அழிச்சுட்டுக் கெடப்பானா?" அப்பாசாமி நிதானமாக நாற்காலியில் அமர்ந்தார். "புத்தம் புது புஸ்தகம் கடையிலேர்ந்து கெளம்பறப்ப எழுத்து இல்ல. இந்தம்மா பிரிக்கறப்ப இருக்கு. அப்ப எழுதினது நடுவுல. ஆறாம் பாகம் நேரா இந்தம்மா கைக்கு வந்துச்சு. படிச்ச பாதியில எழுத்து இல்ல. ராத்திரி முழுக்க அது இவங்ககிட்ட இருந்துச்சு. மறுநாள் பகல்ல வீட்டுல கெடந்துச்சு. மீதிப் பாதியில எழுத்து வந்துடுச்சு. பகல்ல இந்த வீட்டுல இருக்கறது யாரும்மா?"

அன்புச்செல்விக்குச் சிரிப்புதான் வந்தது. "அத்தையா? அத்தைக்குப் படிக்கத் தெரியாதுங்க. ரேஷன் கடையில கைநாட்டு வெக்கறத நானே பாத்திருக்கேன்."

"படைக்கு யார் உலை வெச்சதுனு எந்த வாத்தியாரும்மா கேப்பான்?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அன்புச்செல்வியின் சிரிப்பும் நின்றது.

பாஞ்சாலை நிலைப்படியில் வந்து நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்த பிறகும் துடைத்தாள்.

"எட்டாவது வரைக்கும் படிச்சேன்" என்றாள். "ரேஷன் கடைக்காரன் மைய நீட்டினான், வெச்சேன். கையெழுத்து போடுவியானு ஒருத்தரும் கேக்கல." பிறகு மருமகளைப் பார்த்தாள். "நீயும்தான்."

அன்புச்செல்வி தன்னையே நொந்துகொண்டாள். ஊர் முழுக்கக் கண்ணாடி போட்ட ஆண்களையெல்லாம் பார்த்துப் பார்த்து ஏங்கினாளே, பாவி! தினமும் தட்டில் சோறு போட்ட கையை ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தாளா?

"நேர்ல சொல்லியிருக்கலாமே, அத்தை."

"நீ ஆபீஸ் போறவ. நான் பேசினா சிரிப்பியோனு இருந்துச்சு. எழுதி வெச்சேன். நீ ரூம்ல தனியா சிரிக்கறது அடுப்படிக்குக் கேக்கும். எனக்கு அது போதும்னு இருந்துட்டேன்."

"எட்டாம் பாகத்துல ஏன் எழுதல?"

பாஞ்சாலை அப்பாசாமியைப் பார்த்தாள். அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "அது நான் சொல்ற விஷயமில்லம்மா."

"அத நான் பிரிக்கவே இல்ல" என்றாள் பாஞ்சாலை. "நீ போனப்புறம் இந்த வீட்டுல எனக்குனு ஏதாவது மிச்சம் இருக்கணும் இல்ல. அப்ப கடையிலேர்ந்து வாங்கிப் படிக்கலாம்னு படிக்காம விட்டு வெச்சேன்."

காசி மூக்கை உறிஞ்சினான். "அந்தப் புஸ்தகம் கடைக்கு வேணாம் மேடம். இங்கயே இருக்கட்டும்" என்றான். அப்பாசாமி அவன் தோளைத் தொட்டு வாசலுக்குக் கூட்டிப்போனார். வெளியே மலைக்கு மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

அன்புச்செல்வி காலண்டரருகே போய்ப் பென்சிலை நூலிலிருந்து அவிழ்த்தாள். மாமியாரிடம் நீட்டினாள். "ராணி கடைசியில என்ன பண்றா தெரியுமா அத்தை? எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. நீங்க என்ன சொல்வீங்கனு..."

"ஐயோ, சொல்லிடாத!" பாஞ்சாலை அவள் வாயைப் பொத்தினாள். நாலு வருஷத்தில் மாமியார் கை அவள்மேல் பட்டது அதுதான் முதல் தடவை. கையில் மஞ்சள் வாசனை அடித்தது. இரண்டு பேருமே அந்தக் கையை உடனே எடுக்கவில்லை.

பாஞ்சாலை பென்சிலை வாங்கிப் பார்த்துவிட்டு மருமகள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இத்தனை நாளா நான் எழுதினேன், நீ படிச்ச. இதுல நீ எழுது. ஊருக்குப் போறதுக்குள்ள எல்லாப் பக்கத்துலயும் எழுதிடு. அப்புறமா நான் படிச்சுக்கறேன்."