மேலே உள்ள வரி

பாசிமாவுத் தோசையைத் திருப்பிப் போட்டபோது, கணவனின் இதயம் நிற்கப்போகிறது என்ற செய்தி நப்பின்னைக்கு வந்தது. "உங்கள் கணவர் இளவழுதி அபாயத்தில் இருக்கிறார்" என்று அவள் தலைக்குள் இருந்த துணைமூளை சொன்னது. எதிரே உட்கார்ந்திருந்த இளவழுதி சட்னி கேட்டான். அவள் செய்தியை அணைத்துவிட்டுச் சட்னியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

செவ்வாயின் குவிமாட நகரில் எல்லோருக்கும் துணைமூளை உண்டு. காதுக்குப் பின்னால் பதித்தால் மட்டும் போதாது, அமைக்கவும் வேண்டும். பெயர், ரத்த வகை, மூச்சளவு, ஆபத்து வந்தால் யாருக்குச் சொல்வது என்று ஒவ்வொன்றாய் நிரப்புவதற்குள் உயிர் போய்விடும். நிரல் எழுதிப் பிழைக்கும் இளவழுதி, தன்னுடையதை அமைத்தபோது எல்லாவற்றையும் ஒரே வீச்சில் முடிக்கும் சிறு நிரல் ஒன்றைச் செய்தான். நாலு பேருக்கு உதவட்டும் என்று பொதுவிலும் வைத்தான். மேலே ஒரு வரி எழுதியிருந்தான்: "இயக்கும் முன் என் பெயரையும் என் மனைவி பெயரையும் எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடவும்."

நகரமே அந்த நிரலை அள்ளிக்கொண்டது. மேலே இருந்த வரியை ஒருவரும் படிக்கவில்லை. இயக்கினால் ஓடுகிறது, பிறகு எதற்குப் படிப்பது? அபாயச் செய்திகளைக் கவனிக்கும் உயிர்க்காவல் நிலையத்தின் பதிவில் பாதி நகரம் இளவழுதி ஆனது. எவன் மயங்கி விழுந்தாலும் சேதி நப்பின்னைக்கு வந்தது.

முதலில் அவள் ஓடத்தான் செய்தாள். வெறுங்காலோடு மருத்துவமனைக்கு ஓடி, யாரோ ஒரு சுரங்கத் தொழிலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனுடைய சொந்த மனைவிக்கு மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. நிலையத்தில் முறையிட்டபோது, பதிவில் எந்தப் பிழையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். போகப்போக ஓட்டம் நடையாகி, நடையும் நின்றது. யார் சாகிறார்கள் என்று கேட்கவும் விட்டுவிட்டாள். அப்படி ஆகிப்போன தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஒண்ணு அந்த ஸ்கிரிப்ட்ட எடு, இல்ல இந்தச் சேதி எனக்கு வராம பண்ணு" என்றாள்.

"எடுத்து என்ன பிரயோஜனம் பின்னை? ஆளாளுக்குக் காப்பி பண்ணி வச்சிருக்காங்க. நான்தான் மேலயே எழுதியிருக்கேனே."

"மேல எழுதினத எவன் படிக்கிறான்?"

"படிக்காதது என் தப்பா?"

தோசையை ஒதுக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தூங்கிப் பல நாளாகியிருந்தது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. அங்கேயே, கைகூடக் கழுவாமல், இன்னொரு குட்டி நிரல் எழுதினான். இளவழுதி என்ற பெயரில் வரும் எந்த அபாயச் செய்தியும் இனி அவளுக்குக் கேட்காது. வழக்கம்போல அதையும் பொதுவில் வைத்தான்.

அன்று இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அடுத்து வந்த நாட்களில் பாட்டுக்கூடப் பாடினாள்.

பாட்டு முணுமுணுத்தபடி மாவு கரைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான், குளியலறையில் இளவழுதிக்கு நெஞ்சு அடைத்தது. அவனுடைய துணைமூளை கடமை தவறாமல் மனைவிக்குச் சொன்னது. மறுபடி சொன்னது. நடுவில் ஒரு சுவர்தான். அவனுடைய நெஞ்சுவலி மாத்திரை அவள் தலைக்கு மேல் அலமாரியில் இருந்தது. உயிர்க்காவல் ஊர்தி வாசலுக்கு வந்த பிறகுதான் அவள் குளியலறைக் கதவைத் திறந்தாள்.

"உங்களுக்குத்தான் முதல்ல சேதி அனுப்பினோம்மா" என்றான் ஊர்தியில் வந்தவன்.

இழவு வீட்டுக்கு இளவழுதியின் அலுவலகமே வந்தது. ஆனால் அவள் அதற்கு முன்பே ஒரு வேலையை முடித்திருந்தாள். கணவன் கடைசியாக எழுதிய நிரலைத் திறந்து, அதன் தலைமேல் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "இதை இயக்காதீர்கள். என் கணவர் அடுத்த அறையில் செத்தார், எனக்குத் தெரியவில்லை."

எல்லோரும் போனபின் இளவழுதியோடு வேலை பார்த்த ஜோயல் தயங்கி நின்றான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் கடைசியா ஒண்ணு போட்டிருந்தாராமே, சேதி வராம பண்றதுக்கு. எங்கப்பா தனியா இருக்காரு. தும்மினாக்கூட எனக்கு அபாயம்னு வருது. வேலையே ஓட மாட்டேங்குது."

"மேல ஒரு வரி எழுதியிருக்கேன் ஜோயல். அத மட்டும் படி. படிச்சிட்டு உன் இஷ்டம்."

"கண்டிப்பா அண்ணி" என்றான். அதற்குள் அவன் பார்வை எங்கோ நிலைத்திருந்தது. துணைமூளையில் எதையோ இயக்குகிறவர்களின் பார்வை அது. அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கப் போனாள். அவன் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டான்.

மறுநாள் காலை அவள் அந்த நிரலைத் திறந்து பார்த்தாள். இரவோடு இரவாக நகரத்தில் பாதிப் பேர் அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், பிள்ளைகளின் பெயர் என்று இந்த முறை ஒருவர் விடாமல் சரியாக மாற்றிப் போட்டிருந்தார்கள். அவள் எழுதிய வரிக்கு நேர் கீழே ஜோயல் ஒரு குறிப்பு விட்டுப்போயிருந்தான்.

"நன்றி அண்ணி. எங்க வீட்லயும் நல்லா வேலை செய்யுது."