போட்டு வாறம்

ஜேர்மனியில் அந்தத் தெருவை எனக்குக் காட்ட வேண்டும் என்று என் கணவர் றஜீவன் கலியாணம் கட்டிய நாள்முதல் சொல்லிக்கொண்டிருந்தார். லண்டனுக்கு வருமுன் அவர் அகதியாக இருந்த ஊர் அது. லண்டன் நோர்பரியில் நாங்கள் வாங்கிய வீட்டின் முகப்பில் அழகுக்காகக் கறுப்புப் பலகைகள் அடித்திருக்கும். "இது டூப்ளிக்கேட். ஒரிஜினல் அங்கை இருக்கு," என்பார். அந்த ஒரிஜினலைக் காட்டத்தான் ஈஸ்டர் லீவில் கூட்டிப்போனார்.

அழகு இல்லை என்று சொல்ல மாட்டேன். கறுத்த மரச்சட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்பு பூசிய வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி. மேல்மாடிகள் தெருவுக்கு மேலே நீண்டு வந்து வானத்தை ஒடுக்கியிருந்தன. மத்தியானத்திலும் கீழே வெளிச்சம் மட்டுமட்டு. நாங்கள் தங்க எடுத்த வீட்டுக்குள் பழைய புகையும் தீய்ந்த பாலும் கலந்த மணம். யன்னல்களைத் திறந்துவிட்டும் போகவில்லை. முதல் நிமிடமே எனக்கு அந்த வீடு பிடிக்கவில்லை.

மேலே மரம் முனகியது.

"நானூறு வருசத்து மரம். முனகாமல் என்ன செய்யும்?" இவரிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

எங்கள் ஏழு வயது மகள் கோசிகா மாடியறையை விட்டு இறங்கவே இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழுதுகொண்டு போகிறவள், அங்கே சுவரோடு ஒட்டியிருந்து தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆருக்கம்மா படிப்பிக்கிறாய்?"

"சுவருக்குள்ளை இருக்கிற பிள்ளைக்கு. அவ கெட்டிக்காரி அம்மா. கெதியாப் பிடிக்கிறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளை தமிழில் பேசினால் போதும், சுவரோடு பேசினால்தான் என்ன என்று விட்டுவிட்டேன்.

புறப்படுகிற காலையில் பெட்டிகளை வெளியே வைத்துக் கதவைப் பூட்டினேன். எங்கிருந்து கிளம்பினாலும் "போறன்" என்று மட்டும் சொல்லக் கூடாது, போய்விட்டு வருவதாகத்தான் சொல்ல வேண்டும். வெறும் போறன் அபசகுனம். சொன்னால் என் அம்மா வாயிலே போடுவா. அந்தப் பழக்கத்தில், ஆளில்லாத வீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"போட்டு வாறம்."

பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிட்டார்கள்.

"எப்ப?"

சின்னக் குரல். சுத்தமான எங்கள் தமிழ்.

இவருடைய கையிலிருந்த பெட்டி விழுந்தது. நான் வாயைப் பொத்துமுன் கோசிகா பதில் சொல்லிவிட்டாள்.

"அடுத்த லீவுக்கு."

அடுத்த லீவு வந்தது. நாங்கள் போகவில்லை. என் பிள்ளையை அந்தத் தெருப்பக்கம் விடுவேனா?

லீவு தொடங்கிய மத்தியானம் இவர் வேலையில் இருந்தார். நோர்பரி வீட்டுக்குள் தீய்ந்த பால் மணத்தது. அடுப்பில் பால் இல்லை.

சுவருக்குள் மரம் முனகியது.

எங்கள் வீட்டுச் சுவருக்குள் மரமே கிடையாது. முழுக்கச் செங்கல்.

கோசிகா சப்பாத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"எங்கை வெளிக்கிட்டாய்?"

"நாங்கள் வரேல்லை எண்டு அவ வந்திட்டா," என்று குசுகுசுத்தாள். "அம்மா, போறன்."

என் பிள்ளை அந்தச் சொல்லைத் தனியாக ஒருநாளும் சொன்னதில்லை.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "அப்பிடிச் சொல்லக் கூடாது. போட்டு வாறன் எண்டு சொல்லு. சொல்லு, ராசாத்தி."

"போட்டு வாறன், அம்மா."

கோசிகாவின் குரல்தான்.

ஆனால் என் கையைப் பிடித்திருந்த பிள்ளை வாயே திறக்கவில்லை. குரல் சுவருக்குள்ளிருந்து வந்தது.

அந்தச் சின்னக் கை என் விரல்களை மெல்ல இறுக்கியது. அதில் தீய்ந்த பால் மணத்தது.

மற்றக் கையால் சுவரைத் தடவித் தடவிக் காதை வைத்தேன். என் வாயில் வந்தது ஒரேயொரு சொல்தான்.

"எப்ப?"