புளி போட்டு மினுக்கிய காசு

"இது நான் பார்த்த காசு இல்ல, மிஸ்."

நிலுக்சன் கண்ணிலிருந்து லென்ஸை எடுக்கவேயில்லை. டெனிஷாவுக்குச் சுருக்கென்றது.

போன கிழமை கற்பிட்டி பஸ்ஸில் சில்லறை எடுக்கும்போது நழுவி, இவன் காலடியில் விழுந்த காசு அது. அவள் அப்பாவின் மீன்வலையில் வந்தது. கறுத்துக் கிடந்தது. "ஒல்லாந்தர் காலத்து வெள்ளி... அறுபதாயிரம் போகும். முந்தல் டவுன்ல எங்கட நகைக்கடைக்குக் கொண்டு வாங்க" என்றான். இமையில் மழைத்துளி... அதற்குக் கீழே ஒரு சிரிப்பு. அதை நம்பித்தான் எத்தாளையிலிருந்து வந்திருக்கிறாள். அப்பாவின் போட் எஞ்சின் செத்துப் பத்து நாள். அறுபது வந்தால் இன்னொன்று வாங்கலாம்.

"விலையைக் குறைக்க நாடகம் போடுறீங்க!"

"காசை மாத்தினது நீங்க!"

முறைத்துக்கொண்டார்கள். நிலுக்சன் மறுபடி குனிந்தான். விளிம்பில், பஸ்ஸில் பார்த்த அதே வெட்டு... முகம் வாடிவிட்டது.

"அதே காசுதான். என்ன செய்தீங்க?"

"கோயில் திருநாள் வருது. மெழுகுதிரித் தண்டெல்லாம் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கினோம். அதோட இதையும்..."

"அந்தக் கறுப்புத்தான் மிஸ் காசுக்குச் சாட்சி! சாம்பல் கீறின கோடு பாருங்க. இனி இருபதுக்கு மேல போகாது."

"அப்ப கறுப்பு முலாம் பூசித் தாங்க."

"பூசலாம். கண்டுபிடிச்சிட்டா கள்ளக் காசு எண்டுவாங்க. இருபதும் போகும்."

அவள் கண்கள் சுருங்கின. இருபதுக்கு வாங்கி அறுபதுக்கு விற்கப் பார்க்கிறானோ...

அவன் காசைத் தள்ளி வைத்தான். "எனக்கு விக்க வேணாம். புத்தளத்தில றவூப் நானா பழங்காசு வாங்குறவர். போய்க் கேளுங்க."

திரும்பிப் பார்க்காமல் போனாள்.

நாலாம் நாள், நனைந்த குடையோடு வாசலில் நின்றாள்.

"பதினெட்டுத்தான் தந்தார். புது எஞ்சின் கனவு போச்சு... பழசைத் திருத்தக் குடுத்தாச்சு. ஓடினா ஓடும்."

"அதைச் சொல்லவா வந்தீங்க?"

"இல்ல..." குடைப்பிடியைத் திருகினாள். "கோயிலுக்கு மினுக்கேக்க அந்தக் காசை நான் தொடவேயில்ல. பிறகு தனியா இருந்து தேய்ச்சன். உங்களிட்ட அழுக்குக் காசோட வர... வெக்கமா இருந்துச்சு."

நிலுக்சன் லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"நானும் ஒண்டு சொல்லணும். அது கறுப்பா இருந்தாலும் நாப்பதுதான் போயிருக்கும். அறுபது எண்டது... நீங்க வரணும் எண்டு."

"பொய்யா?"

"ஓம். பிழைதான்."

கதிரையை இழுத்துப் போட்டு, அவனுக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். "வேற என்னென்ன பொய்? எல்லாத்தையும் இப்பவே சொல்லுங்க. கடைசி பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு."