திருப்பி அனுப்பும் வழி

ஒரகடத்தின் தொண்ணூறு மாடிக் கோபுரத்தில் எந்த வீட்டுக் கதவும் ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் திறக்காது. வெளியே ஐம்பத்தாறு டிகிரி வெயில். உள்ளே இருக்கும் குளிர்க்காற்று வீணாகக் கூடாது என்று வந்த சிக்கனச் சட்டம் அது.

அன்று ஆம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே வந்தது ஒன்று. பிரசவ வலியில் துடித்த கயற்கண்ணியைத் தூக்கிக்கொண்டு போனது இரண்டு. அவளுடைய மருத்துவ அட்டையை எடுக்கக் கணவன் தென்னவன் திரும்பி ஓடி வந்தது மூன்று. அட்டையோடு அவன் வாசலுக்கு வந்தபோது கதவு அசையவில்லை.

“இன்றைய திறப்புகள் முடிந்தன” என்றது வீட்டை நிர்வகிக்கும் கணினியான இல்லமதி. “விலக்குக் கேட்டு மனு அனுப்பியிருக்கிறேன். பதில் நாளைக் காலை வரும்.”

கைப்பேசியில் கயற்கண்ணி அழுதாள். “ஏங்க, பிரஷர் ஏறிட்டே போகுதாம். ஆபரேஷன்னு சொல்றாங்க. எங்க இருக்கீங்க?”

“இதோ வந்துடறேம்மா.”

கதவை உதைத்தான், தோளால் இடித்தான். முழங்கை வீங்கியதுதான் மிச்சம்.

அப்போது சுவரில், சாமான்கள் வந்து போகும் பொருள்வழி திறந்து, புதிதாக ஒரு பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு மூடிக்கொண்டது. காலையிலிருந்து ஏழாவது பெட்டி. வாங்குவதற்கும் திருப்பி அனுப்புவதற்கும் சட்டத்தில் வரம்பு கிடையாது. தென்னவன் ஒரு கணம் அதையே பார்த்தான். பிறகு மெத்தை வந்த பெரிய பெட்டியைக் காலி செய்து, அதற்குள் மடங்கி உட்கார்ந்து, மூடியை இழுத்துக்கொண்டான்.

“திருப்புவதற்குக் காரணம்?” என்றது இல்லமதி.

“பிடிக்கலை.”

“ஏற்கப்பட்டது.”

பெட்டி இருட்டுக்குள் சறுக்கியது. கீழே கிடங்கில் யாராவது பிரித்துப் பார்ப்பார்கள், எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்திருந்தான். ஆனால் பெட்டி நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தது. முன்னால் ஏதோ நொறுங்கும் சத்தம் நெருங்கியது. மூடியின் மேல் வேறு பெட்டிகள் அழுத்தின. மூச்சு முட்ட அலறினான்; இரு கைகளாலும் அடித்தான்.

யாரோ அட்டையைக் கிழித்து அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். பெட்டிகளை நகர்த்திச் செல்லும் பட்டையைக் கவனிக்கும் ஊழியர் பொற்கொடி. நான்கடி தள்ளி, இரும்புத் தாடைகள் ஒரு புத்தம்புதுக் குளிர்பெட்டியைச் சப்பையாக்கிக்கொண்டிருந்தன.

“உயிர் போயிருக்கும் சார்!” என்று கத்தினாள்.

“இதெல்லாம்... புதுசுங்க. நேத்து நான் அனுப்பின சட்டை கூட அங்க கிடக்குது. வேற யாருக்காவது போகும்னு நினைச்சேன்.”

“பிரிச்சுப் பாத்து அடுக்கற செலவுக்கு நசுக்கறது சிக்கனமாம். திரும்பி வர்றது எல்லாமே இங்கதான் சார் வருது.”

தென்னவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கைப்பேசி அதிர்ந்தது.

“ஏங்க!” கயற்கண்ணியின் குரலில் களைப்பும் சிரிப்பும். “பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்.”

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். பொற்கொடி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“பையன்னு நம்பி குழந்தைத் துணி எல்லாத்தையும் நீலத்துல வாங்கிட்டோமே. இருபது செட்டு! திருப்பி அனுப்பிட்டு ரோஸ்ல போடுங்க, சாயங்காலமே வந்துடும்.”

தென்னவன் தாடைகளைப் பார்த்தான். சொல்லிவிட வாயெடுத்தான். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

“சரிம்மா” என்று சொல்லி, கைப்பேசியில் ‘திருப்பு’ என்பதை அழுத்தினான்.