ஸ்-ஜ்-ம்முக்கு உயிர் போடும் அறை

காலை பத்து மணிக்கு அலுவலகக் கதவின் முன் நின்று எகிப்திய வினைச்சொல் ஒன்றைச் சொன்னேன். கதவு திறந்தது. ஊரில் எல்லாக் கதவும் இப்படித்தான் திறக்கிறது.

உயிருள்ள எந்த மொழியிலும் யார் குரலிலும் இயந்திரம் பேசிவிடும் என்றான பிறகு, கதவுகளைக் காக்க அரசு செத்த மொழிக்குப் போனது. பழைய எகிப்தியர்கள் மெய்யெழுத்துகளை மட்டும் எழுதிவைத்தார்கள். 'கேள்' என்பதற்கு ஸ்-ஜ்-ம். இடையில் என்ன உயிர் ஒலித்தது என்று சரியாகச் சொல்ல ஆளில்லை. அதை நாமே போட்டுக்கொண்டால் அதுதான் நம் குரல்சாவி. கடைசியில் ஒட்டும் விகுதி ஆளைச் சொல்லும்: தனியாளுக்கு 'நான் கேட்கிறேன்', குடும்பத்துக்கு 'நாம் கேட்கிறோம்'. விவாகரத்து என்றால் இருவரும் 'நான்' விகுதிக்குத் திரும்ப வேண்டும், வெவ்வேறு உயிர்களோடு. திருநெல்வேலியில் அந்தப் பதிவு என் மேசையில் நடக்கிறது.

அன்று சண்முகவடிவும் இசக்கிராஜும் வந்தார்கள். பத்தொன்பது வருடக் கல்யாணம். வடிவுக்குக் கொச்சிக் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. ஐந்து மணிக்குள் தனிச்சாவி பதிவாகாவிட்டால் அங்கே அவளுக்கு ஒதுக்கிய வீடு வேறொருவருக்குப் போய்விடும்.

ஆளுக்கொரு பிளைவுட் அறைக்குள் போனார்கள்; நடுவில் ஒரே பலகைதான். இயந்திரம் சிவப்பு காட்டியது. இரண்டு சாவியும் ஒன்று. மறுபடி சொன்னார்கள். மறுபடி ஒன்று. ஏழு தடவை.

"பத்தொம்பது வருசத்துல மனசும் ஒண்ணாயிரும் போல," என்றேன்.

"மண்ணாங்கட்டி," என்றாள் வடிவு. "பலகைக்கு அந்தப் பக்கம் மூச்சு கேக்கு. போய்ப் பாருங்க சார்."

எட்டாவது தடவை போய்ப் பார்த்தேன். இசக்கிராஜ் பிளைவுட்டில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"அவ என்ன போடுதான்னு கேட்டுதான் சார் நான் போடுவேன். சட்டை எடுக்கதும் அப்படித்தான்."

"ஓட்டு?"

"அதுவும்."

அவரைக் கீழே டீக்கடைக்கு அனுப்பினேன். நாலு ஐம்பதுக்கு வடிவு தன் சொல்லைச் சொன்னாள். பச்சை. அந்த நொடியே குடும்பச்சாவி செத்தது. இனி தன் சாவி பதியும்வரை இசக்கிராஜுக்கு எந்தக் கதவும் திறக்காது.

திரும்பி வந்தவர் படியில் அவளை மறித்தார். "வடிவு, நான் என்ன போட?"

"இதுவரை நாந்தான் போட்டேன். இனி நீங்களே போடுங்க." பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போனாள்.

அவர் என்னிடம் வந்தார். "நீங்களே ஒண்ணு போட்டு விட்ருங்க சார்."

"விதியில இடமில்ல."

அறைக்குள் போனார். பழக்கத்தில் பலகையில் காதை வைத்தார். அந்தப் பக்கம் ஆளில்லை. ஐந்தரை ஆனது. கடைசியில் "ஸூ..." என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் தலை மட்டும் வெளியே வந்தது.

"இது நல்லாருக்கா சார்?"