மலைக்கு முதுகு காட்டி

ஏற்றுக்கூண்டில் ஏறும் நாளன்று காலையிலேயே தூரிகைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்துவிடுவேன். மேலே ஒரு மணி நேரம்தான் அனுமதி. அதில் கழுவிக்கொண்டிருந்தால் எப்போது வரைவது?

கீழ்க்கொல்லி நகரம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. தரைக்கு மேலே கதிர்ப்புயல் எந்தக் கேமராவையும் பொசுக்கிவிடும். அதனால்தான் எனக்கு இன்னும் மவுசு. வருடம் ஒருமுறை நான் போய் மலையை வரைந்து வருவேன். எவ்வளவு பச்சை திரும்பியிருக்கிறது என்று ஊரே அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். மலையை வரையாமல் வந்தால் மேலேறும் உரிமை பறிபோகும். எனக்கோ அந்த ஒரு மணி நேரம்தான் உயிர்.

துணைக்கு இரண்டு பேர் வரலாம். கவசக்குடை பிடிப்பவர் என் கணவர் செங்கோடன். கை வலித்தாலும் சொல்லமாட்டார், அப்படி ஒரு மனிதர். வண்ணம் கலக்க இந்த முறை மகள் குயிலி வந்தாள். அதற்கான வயது அவளுக்கு இப்போதுதான் நிரம்பியிருந்தது.

கூண்டின் கதவு திறந்தது. நான் மலையைப் பார்த்துப் பலகையை நிறுத்தினேன். பின்னால் குயிலி மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

கீழே காற்று சுவர்த் துளைகளில் கசியும், யார் முடியையும் கலைக்காது. இங்கே அது அவள் பின்னலைப் பிய்த்து முகத்தில் அடித்தது. அவள் பயந்தாள், பிறகு கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். இத்தனை வருடம் வரைந்த எந்த மலையும் எனக்கு அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

பலகையைத் திருப்பினேன்.

"மலை அந்தப் பக்கம் இருக்குது," என்றார் செங்கோடன்.

"தெரியுமுங்க. நம்ம புள்ள இந்தப் பக்கம் இருக்கறா."

அவர் குடையை என் தலைக்கு மேல் நகர்த்திப் பிடித்தார். இவரைக் கட்டிக்கொண்டது எவ்வளவு சரி என்று அன்றும் நினைத்தேன்.

கீழே இறங்கியதும் காட்சிக்கூட அதிகாரி நாச்சிமுத்து படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல மலை எங்கீங்க?"

"மலைக்கு முதுகைக் காட்டி உக்காந்துட்டனுங்க."

உரிமையைப் பறித்துவிட்டார்கள். புது மலைப்படம் வரும்வரை சுவர் வெறுமையாக இருக்கக் கூடாதென்று அந்தப் படத்தை மட்டும் மாட்டினார்கள். அழுதேன்தான். ஆனால் மறுபடி அந்தக் கதவு திறந்தாலும் அதே பக்கம்தான் திரும்புவேன்.

அடுத்த வருடம் வேறொருவர் மேலே போனார். மலை நன்றாகவே வந்திருந்தது, எனக்குக் கொஞ்சம் பொறாமை. என் படத்தைக் கழற்ற ஆட்கள் வந்தபோது கூட்டம் விடவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின.

மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் படத்தின் முன் வந்து நின்றாள் ஒருத்தி. இடுப்புக் குழந்தையின் முடியை வாயால் ஊதிக் கலைத்தாள். குழந்தை கண்ணைச் சுருக்கியது.

"பாத்தியா சாமி," என்றாள் படத்தைக் காட்டி, "காத்துன்னா இதான்."