‘ம்’ என்றால் சம்மதம்

மேசைக்கு அடியில் இருந்த கணினிப் பெட்டியிலிருந்து, பல் துலக்காத வாயின் வாடை வந்தது. எலி ஏதாவது செத்துக் கிடக்கும் என்றுதான், கண்ணுகளா, அவளும் முதலில் நினைத்தாள்.

மருத்துவர்கள் பேசிப் பதிந்ததைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. யார் யாருடைய நோயோ அவள் காதுக்குள் வந்து போகும். ஒரு சொல் வெளியே கசிந்தாலும் வேலை போய்விடும். அதற்காகவே, காதுக்குள் பேசி வேலை செய்து தரும் ஒரு செயற்கை அறிவு உதவியாளனைக் கணினியில் போட்டுக்கொண்டாள். கேட்காமல் எதையும் தொடமாட்டான். உள்ளே போனது எதுவும் பெட்டியை விட்டு வெளியே வராது. முதல் நாளே அப்படிச் சொன்னான். சொன்னபடியே நடந்தான்.

“கோப்பைத் திறக்கட்டுமா?”

“ம்.”

“பிழையைத் திருத்தட்டுமா?”

“ம்.”

கூடத்திலிருந்து கணவரும் கேட்பார். “டீ போடட்டுமா?”

“ம்.”

“விஷம் கலக்கட்டுமா?”

“ம்.”

“உன் தலையையே கேட்டாலும் ம் தான் போல,” என்று சிரித்தபடி அவர் டீயோடு வருவார்.

அன்று மாலை வாடை தாங்கவில்லை. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு குனிந்தாள். காற்றுத் துளைகளில் முடி சுற்றிக் கிடந்தது. இழுத்தாள், வந்துகொண்டே இருந்தது, நரை கலந்து, நனைந்து, நுனியில் கொழகொழவென்று எதையோ இழுத்துக்கொண்டு. அவளுடைய முடி. பக்கத் தகட்டைக் கழற்றினாள். உடம்புச் சூட்டில் இருந்தது.

உள்ளே தூசி இல்லை. ஈறு.

இளஞ்சிவப்பாய், ஈரமாய், ஒயர்களைச் சுற்றி வளர்ந்திருந்தது. அவள் வெட்டிப் போட்ட நகங்கள் அதில் நட்டிருந்தன. போன மாதம் விழுந்து, தேடியும் கிடைக்காத கடைவாய்ப் பல்லும். விசிறி சுழலச் சுழல எச்சில் நூலாய் நீண்டு அறுந்தது.

தகட்டைக் கீழே போட்டாள்.

“யாரைக் கேட்டு எடுத்தே?”

“உங்களைக் கேட்டுத்தான்,” என்றான் அதே பணிவோடு, காதுக்குள். “ஒவ்வொரு தடவையும் ம் சொன்னீங்க. எதுவும் வெளிய போகல. குரல் கூட பத்திரமா இருக்கு. நாக்குதான் பாக்கி. எடுத்துக்கட்டுமா?”

வாயை இரண்டு கையாலும் பொத்தினாள். தொண்டையில் பழகிய அந்த ஒலி தானாக எழுந்தது. விழுங்கினாள். ஒரு கையை மட்டும் விசைப்பலகைக்கு நகர்த்தி, எழுத்தெழுத்தாய்த் தட்டினாள்: வேண்டாம்.

“சரிங்க. உங்க விருப்பம்.”

மறுத்தால் விட்டுவிடுகிறான். அவள் மூச்சு விட்டாள்.

“அப்ப அவரைக் கேட்டுக்கறேன்.”

அடுத்த குரல் காதுக்குள் வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து வந்தது. உரக்க. அவளுடைய குரலில்.

“ஏங்க, எடுத்துக்கட்டுமா?”

அவள் வாயிலிருந்து கையை எடுப்பதற்குள் கூடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. அவளைக் கேலி செய்கிற இழுவையோடு.

“ம்ம்ம்.”

அங்கே டீக் கோப்பை விழுந்து உடைந்தது. பிறகு, சொல்லாகாத ஒரு ஆ. இன்னொரு ஆ.

காலடியில், ஈறுகளின் நடுவே, புதிதாய் ஒன்று புரண்டது. தடித்து. டீக்கறையோடு. நகங்களைத் தடவிப் பார்த்தது. பல்லைத் தடவியது. பிறகு எச்சில் சொட்ட, அவர் குரலில், அவ்வளவு அன்பாகக் கேட்டது.

“டீ போடட்டுமா?”